புதிதாகக் கட்டிய பழைய எஞ்சின்: ஹெட்டைக் கழற்ற முன் பார்க்கவேண்டியவை

ஓவர்ஹோல் முடிந்து வந்த சைட் வால்வ் எஞ்சின் ஸ்ராட் வரவில்லை, வந்தாலும் இழுவை இல்லை, கொஞ்சத் தூரம் ஓடியதும் கொதிக்கிறது என்றால் எங்கள் கராஜுகளில் முதலில் எழும் பேச்சு “ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பம்” என்பதுதான். தயவுசெய்து கழற்றவேண்டாம். ஹெட்டைத் தூக்கிய கணமே காஸ்கற் போய்விடும். புதியதுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் அலையவேண்டும். அதைவிடப் பெரிய நட்டம், பிழை எங்கே என்பதைக் காட்டக்கூடிய தடயங்களும் கலைந்துபோவது. பிளொக்கைப் போர் அடித்தவர், கிராங்கைக் கடைந்தவர் எல்லோரும் அளவுகருவி வைத்துத்தான் வேலை செய்திருப்பார்கள். பிழை பெரும்பாலும் கடைசியாகக் கையால் வைத்த இடங்களில்தான் இருக்கும்: ரப்பெற் இடைவெளி, தீப்பொறி நேரம், பிளக் வயர், எரிபொருள் வரும் வழி, தண்ணீர் ஓடும் வழி. இவை எல்லாவற்றையும் ஹெட் பூட்டியபடியே பார்க்கலாம்.

நான் சொல்வது எந்த எஞ்சின்களுக்கு என்று முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். சைட் வால்வ் எஞ்சினில் வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளொக்குக்குள்ளேயே இருக்கும். ஹெட் வெறும் தட்டையான மூடி. வில்லிஸ் ஜீப்பின் 2.2 லீற்றர் நாலு சிலிண்டர், பழைய டொட்ஜ் லொறிகளின் ஆறு சிலிண்டர், 1948 முதல் 1953 வரை வந்த மொறிஸ் மைனரின் 918 சீசீ, அதே காலத்து மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் 1476 சீசீ, போர்ட் பிறிபெக்ற்றின் 1172 சீசீ எல்லாம் இந்தக் குடும்பம். யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்னும் ஓடும் ஒஸ்ரின் ஏ40 இதில் சேராது. அதன் வால்வுகள் மேலே ஹெட்டில் இருக்கின்றன. மைனர் வைத்திருப்பவர்களும் பொனற்றைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல மைனர்களில் பழைய எஞ்சின் போய், பின்னால் வந்த மேல்வால்வு எஞ்சின் ஏறியிருக்கிறது. வேறு எஞ்சினின் அளவுகளை வைத்துக் கட்டினால் எத்தனை தடவை கட்டினாலும் சரிவராது.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அரிதானபோது குடாநாட்டின் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபிரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கியதற்குக் காரணம் அவற்றின் குறைந்த கொம்பிறெஷன். ஜீப்பில் அது 6.48க்கு 1 மட்டுமே. உதிரிப்பாகம் ஒன்றும் வராத அந்த ஆண்டுகளில் இவற்றை ஓடவைத்த மெக்கானிக்குகளும் லேத்துக்காரர்களும் செய்தது சாதாரண வேலை அல்ல. ஆனால் மண்ணெண்ணெய்க்காகச் செய்த மாற்றங்கள் சில வாகனங்களில் இன்னும் அப்படியே கிடக்கக்கூடும். தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி வைத்திருக்கலாம்; காபிரேற்றர் ஜெற்றில் கை வைத்திருக்கலாம்; இரண்டாவது எரிபொருள் குழாயும் திருகுமூடியும் எஞ்சியிருக்கலாம். எஞ்சினைப் புதிதாகக் கட்டிவிட்டு இவற்றை அப்படியே பூட்டினால், இப்போது ஊற்றும் பெற்றோலுக்கு எதுவும் பொருந்தாது. அந்த இரண்டாவது குழாய் இருந்தால் கழற்றி எறியுங்கள். அதன் இணைப்பில் மயிரளவு ஓட்டை இருந்தாலும் பம்ப் பெற்றோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். எஞ்சின் நன்றாக ஓடும், பிறகு காரணமில்லாமல் நின்றுபோகும்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் கருவி கைக்கிராங். சுவிச்சை நிறுத்திவிட்டு, கியரை நியூற்றலில் வைத்து, கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். பெருவிரலைப் பிடியைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். நேரம் முந்திய எஞ்சின் திருப்பி உதைத்தால் பெருவிரல்தான் முதலில் முறியும். நாலு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு முழுச் சுற்றுக்குள் நாலு தடவை கை இறுக்கத்தை உணரவேண்டும். நாலும் ஒரே அளவாக, கொஞ்ச நேரம் எதிர்த்து நின்று பிறகு தளர்ந்தால் வால்வும் றிங்கும் பெரும்பாலும் சரி. ஓரிடத்தில் கை வெறுமையாகப் போனால் அந்தச் சிலிண்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்று முழுவதும் ஒரே சீராக இறுக்கமாக இருந்தால் அது புதிய பிஸ்ரன், புதிய பெயறிங் தரும் இறுக்கம். ஓட ஓடத் தளரும்.

கொம்பிறெஷன் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாப் பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுதாக மிதித்துப் பிடித்துப் பாருங்கள். ஜீப்பில் 100 பவுண்டுக்கு மேல் எதிர்பார்க்கலாம். ஆனால் எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்கிடையில் 10 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். றிங் படியாத புதிய எஞ்சின் ஆரம்பத்தில் கொஞ்சம் குறைவாகவே காட்டும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் இடையில் காஸ்கற் பிடிக்கவில்லை. அப்போதும் முதலில் ஹெட் நட்டுகளை நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, சுற்றிச் சுற்றி, கம்பனி சொன்ன இறுக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள்.

குறைந்த சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அளந்தால் றிங்கா வால்வா என்று தெரியும் என்பது எல்லோரும் அறிந்த வித்தை. இந்த எஞ்சின்களில் அது ஏமாற்றும். பல சைட் வால்வ் எஞ்சின்களில் பிளக் ஓட்டை வால்வுகளுக்கு மேலேதான் இருக்கிறது, பிஸ்ரனுக்கு மேலே அல்ல. விட்ட ஒயில் வால்வில் விழுந்து அங்கேயே அடைக்கும், நீங்கள் றிங்கைக் குற்றம் சொல்வீர்கள். காற்றுக் கொம்பிறசர் இருந்தால் அந்தச் சிலிண்டரை மேலுச்சியில் நிறுத்தி, வாகனம் நகராமல் பூட்டிவிட்டு, பிளக் ஓட்டையால் காற்றை விட்டுக் காதைக் கொடுங்கள். காபிரேற்றரில் இரைந்தால் உள்ளெடுக்கும் வால்வு, சைலென்சரில் இரைந்தால் புகைவால்வு, ஒயில் ஊற்றும் வாயில் இரைந்தால் றிங், றேடியேற்றரில் குமிழி வந்தால் காஸ்கற்.

பெரும்பாலும் பதில் வால்வு என்றே வரும். அதிலும் வால்வு கெட்டுப்போயிருக்காது, ரப்பெற் இறுகியிருக்கும். கொக்குவிலில் ஒரு கராஜுக்கு வந்த ஜீப்பைச் சொல்லவேண்டும். கொண்டுவந்த பெடியன் களைத்துப்போயிருந்தான். “அண்ணை, காலமை ஒரே சுற்றிலை ஸ்ராட் ஆகுது. திருநெல்வேலிச் சந்தையடியிலை நிப்பாட்டினா பிறகு என்ன செய்தாலும் வராது. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டா ஒண்டும் நடக்காதமாதிரித் திரும்ப ஓடுது.” அதற்குள் காபிரேற்றர் மாற்றி, கொயில் மாற்றி, பம்பும் மாற்றிவிட்டிருந்தான். எஞ்சின் நின்றுபோன சூட்டோடேயே பிளக்குகளைக் கழற்றிக் கிராங்கைச் சுற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் பெருவிரலை அழுத்திப் பார்த்தோம். இரண்டு சிலிண்டரில் விரலைத் தள்ளும் காற்றே இல்லை. மனிபோல்டுக்குக் கீழே உள்ள பக்க மூடியைத் திறந்தபோது அந்த இரண்டு புகைவால்வுத் தண்டுக்கும் ரப்பெற்றுக்கும் நடுவில் மிக மெல்லிய பீலர் தகடும் நுழைய மறுத்தது. சத்தம் வரக்கூடாது என்று யாரோ நெருக்கி வைத்திருந்தார்கள். சூட்டில் தண்டு நீள, வால்வு தன் இருக்கையில் உட்காராமல் தூங்கிக்கொண்டு நின்றது. ஆறவிட்டுக் குளிரில் எட்டையும் 16 தௌவுக்கு வைத்தோம், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 16 பங்கு. அதன் பிறகு அந்த ஜீப் சூட்டில் நிற்கவில்லை.

வைக்கும் முறை இலகு. முதலாம் சிலிண்டரைக் கொம்பிறெஷன் உச்சிக்குக் கொண்டுவந்தால் அதன் இரண்டு ரப்பெற்றும் தளர்ந்து நிற்கும், இரண்டையும் வையுங்கள். கிராங்கை அரைச் சுற்றுச் சுற்றுங்கள், ஜீப்பில் அடுத்தது மூன்றாம் சிலிண்டர், இன்னொரு அரைச் சுற்று, நாலாவது, பிறகு இரண்டாவது. ஆறு சிலிண்டர் டொட்ஜில் அரைச் சுற்றுக்குப் பதில் மூன்றிலொரு சுற்று, அதன் வரிசை 1-5-3-6-2-4. இடைவெளி எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். குளிரில் வைக்கவேண்டிய அளவா சூட்டில் வைக்கவேண்டிய அளவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தேய்த்த வால்வு ஓட ஓட இருக்கையில் சற்றுக் கீழிறங்கும். இந்த எஞ்சின்களில் கீழிறங்குவது என்றால் ரப்பெற்றை நெருங்குவது. இன்று சரியாக வைத்த இடைவெளி சில நூறு மைலில் தானாகவே குறையும் என்பதால் ஒரு தடவை வைத்து மறந்துவிடக்கூடாது. கொஞ்சம் டிக் டிக் என்று கேட்கும் ரப்பெற்றால் கெடுதியில்லை. சத்தமே இல்லாத புது எஞ்சின்தான் எனக்குக் கவலை தரும்.

இடைவெளி சரியாக இருந்தும் வால்வு ஒட்டிக்கொள்கிறது என்றால் புதுக் கைட் இறுக்கம். பக்க மூடியைத் திறந்து வைத்துக் கிராங்கைச் சுற்றினால் எந்த வால்வு சோம்பலாக இறங்குகிறது என்று கண்ணாலேயே தெரியும்.

அடுத்தது தீப்பொறி. ஸ்ராட் வராமல் காபிரேற்றராலும் சைலென்சராலும் வெடித்தால், டிஸ்ரிபியூற்றர் அரைச் சுற்று மாறி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல்வால்வு எஞ்சினில் றொக்கரைப் பார்த்து எது கொம்பிறெஷன் உச்சி என்று சொல்லிவிடலாம். இதில் றொக்கர் இல்லை. முதலாம் பிளக் ஓட்டையில் பெருவிரலை வைத்துக் காற்றுத் தள்ளும் சுற்றைப் பிடித்து, அந்த உச்சியில் றோட்டர் முதலாம் வயரைப் பார்க்கிறதா என்று சரிபாருங்கள். ஜீப்பில் நேரக் குறி பிளைவீலில் இருக்கிறது, அடைப்புத் தகட்டைத் தள்ளினால் தெரியும். 5 பாகை முந்தி வைக்கவேண்டும். டொட்ஜ் ஆறு சிலிண்டரில் ஆறாம் சிலிண்டருக்கு மேலே ஹெட்டில் ஒரு சிறு அடைப்பு இருக்கும். அதைக் கழற்றி மெல்லிய கம்பி ஒன்றை இறக்கினால் பிஸ்ரன் உச்சிக்கு வருவதைக் கம்பியே சொல்லும். ஆறு உச்சியில் என்றால் ஒன்றும் உச்சியில்தான்.

வயர் வரிசையில் எங்கள் மெக்கானிக்குகளைப் பிடிக்கும் பொறி ஒன்று உண்டு. ஜீப்புக்கும் மைனருக்கும் வரிசை 1-3-4-2. கை அதற்கே பழகியிருக்கும். போர்ட் பிறிபெக்ற் 1-2-4-3. பழக்கத்தில் பூட்டினால் ஒன்றும் நாலும் சரியாக எரியும், இரண்டும் மூன்றும் மாறி எரியும். எஞ்சின் இரண்டு காலில் நொண்டிக்கொண்டு சுடும். காபிரேற்றரைக் குறைசொல்ல முன் வயரை எண்ணுங்கள்.

நோக்கிங் சத்தம் வந்தால் பெற்றோலைக் குற்றம் சொல்லவேண்டாம். இந்த எஞ்சின்கள் வடிவமைக்கப்பட்டது 70ஐ ஒட்டிய ஒக்ரேன் பெற்றோலுக்கு. இங்கே செற்றில் கிடைக்கும் சாதாரணப் பெற்றோலே 92. நேரம் அளவுக்கு மீறி முந்தியிருக்கும், அல்லது எஞ்சின் அதிகம் சூடாகிறது.

புதிய கொன்டென்சரை நம்பாதீர்கள். இப்போது விற்பனைக்கு வருபவற்றில் சூடேறியதும் செத்துப்போகும் சரக்கு நிறைய. நன்றாக ஓடிய பழைய கொன்டென்சரை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். சந்தேகம் வந்தால் மாற்றிப் பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை.

பற்றறிப் பக்கம் இரண்டு விடயம். மைனர் போன்ற அக்காலத்துப் பிரித்தானிய வாகனங்களில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு சேரும்; வில்லிஸ் ஜீப்பில் நெகற்றிவ். புதுப் பற்றறி வாங்கிப் பழக்கத்தில் மாற்றிப் பூட்டினால் எஞ்சின் ஓடக்கூடும், ஆனால் தீப்பொறி பலமிழக்கும், அம்மீற்றர் தலைகீழாகக் காட்டும். மற்றது 6 வோல்ட் வாகனங்களின் கேபிள். வோல்ட் பாதி என்றால் அதே வேலைக்கு மின்னோட்டம் இரட்டிப்பு. 12 வோல்ட் காருக்கு விற்கும் மெல்லிய கேபிளைப் போட்டால் இறுக்கமான புது எஞ்சினை ஸ்ராட்டர் சுற்றமுடியாமல் திணறும். பருத்தித்துறை, காரைநகர், வேலணை என்று கடற்காற்றுப் படும் இடங்களில் நிற்கும் வாகனங்களுக்கு ஏர்த் கேபிளின் இரண்டு முனையையும் கழற்றி, பெயின்ற்றும் கறளும் போக வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டிப் பூட்டுங்கள். ஓவர்ஹோல் செய்தபோது அழகாகப் பெயின்ற் அடித்த பிளொக்கின்மேல் அப்படியே பூட்டிய ஏர்த்தினால் ஸ்ராட் வராமல் நின்ற வாகனங்கள் ஏராளம்.

இனித் தண்ணீர். குடாநாட்டில் இந்த எஞ்சின்களைக் கொல்வது இதுதான். சைட் வால்வ் எஞ்சினில் எரிந்த புகை வெளியேறும் வழி பிளொக்குக்குள்ளேயே சுற்றிவருகிறது. அந்தச் சூடு முழுவதையும் தண்ணீர்தான் வாங்கவேண்டும். எங்கள் தண்ணீரோ வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றில்லாத நிலத்தின் கிணற்றுத் தண்ணீர், சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது. காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை கட்டியதே அந்தக் கல்லை நம்பித்தான். கேத்திலின் அடியில் பிடிக்கும் அதே வெள்ளைப் படிவம் பிளொக்கின் நீர்வழிகளிலும் பிடிக்கிறது. வெளியே பெயின்ற் அடித்து உள்ளே போர் அடித்த எஞ்சினில் இந்தப் படிவம் தொடப்படாமலே இருந்தால், புதுப் பிஸ்ரனும் புது றிங்கும் போட்ட பிறகும் முன்பு கொதித்ததுபோலவே கொதிக்கும்.

ஆகவே கொதிக்கும் புது எஞ்சினில் முதலில் பிளொக்கின் பக்கத்தில் உள்ள வட்டத் தகட்டு அடைப்புகளைத் தட்டி எடுங்கள். முக்கியமாகப் பின்பக்கச் சிலிண்டரை ஒட்டியது. கம்பியால் கிளறிப் பாருங்கள். சேறுபோலக் கறளும் சுண்ணாம்பும் வரும். கிளறி எடுத்துவிட்டுச் சித்திரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துச் சுற்றவிட்டு, பிறகு நல்ல தண்ணீரால் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். டொட்ஜ் ஆறு சிலிண்டரில் இன்னொரு இடம் இருக்கிறது. வாட்டர் பம்புக்குப் பின்னால் பிளொக்குக்குள் நீளமாக ஒரு தகட்டுக் குழாய் போகிறது. ஒவ்வொரு வால்வின் பக்கமாகவும் குளிர்ந்த தண்ணீரைப் பகிர்ந்து கொடுப்பது அதுதான். ஆண்டுக்கணக்கில் கறள் தின்று அது இற்றுப்போயிருக்கும். பம்பைக் கழற்றினால்தான் தெரியும் என்பதால் கட்டுபவர் பலர் அதைப் பார்ப்பதேயில்லை. முன் சிலிண்டர்கள் குளிர்ந்து, பின் சிலிண்டர்கள் வெந்து, ஐந்தாம் ஆறாம் வால்வு எரிந்துபோனால் இந்தக் குழாயைச் சந்தேகியுங்கள். எங்கள் லேத் பட்டறைகளில் பித்தளைத் தகட்டில் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

ஆரம்பத்தில் வந்த மைனர்களுக்கு வாட்டர் பம்பே இல்லை. சூடான தண்ணீர் மேலெழும்பி, ஆறிய தண்ணீர் கீழிறங்கும் இயல்பிலேயே அது சுற்றுகிறது. றேடியேற்றரில் தண்ணீர் மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே இறங்கினால் சுற்றே நின்றுவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு “அரை றேடியேற்றர் காணும்” என்று ஒன்று கிடையாது.

இனிமேல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவேண்டாம். கார்த்திகை மார்கழி மழையில் சுத்தமான கூரையில் இருந்து பிடித்த தண்ணீரோடு, கறள் பிடிக்காத கூலன்ற்றைக் கலந்து ஊற்றுங்கள். மழைத் தண்ணீர் இல்லாவிட்டால் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள். செலவு ஒரு காஸ்கற்றின் விலையில் பாதியும் வராது.

எரிபொருளில் ஒரு விடயத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை எல்லோருக்கும் தெரியும். இந்த எஞ்சின்களில் காபிரேற்றரும் புகை மனிபோல்டும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பங்குனி சித்திரை வெயிலில், சூடான எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடத்தில் திரும்ப ஸ்ராட் பண்ணும்போது குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பெற்றோல் குழாயை மனிபோல்டில் இருந்து விலக்கி வளையுங்கள், நடுவில் ஒரு தகட்டு மறைப்புப் போடுங்கள். ரப்பெற் இறுக்கமும் இதே குறியைத்தான் காட்டும் என்பதால், சூட்டில் நின்ற எஞ்சினில் முதலில் விரலால் கொம்பிறெஷனைப் பாருங்கள். கொம்பிறெஷன் இருந்தால் பெற்றோல், இல்லாவிட்டால் வால்வு.

எல்லாம் சரிவந்து ஓடத்தொடங்கிய எஞ்சினை முற்றத்தில் மணிக்கணக்கில் ஐடிலில் விட்டு “பழக்குவது” இங்கே பரவலாக இருக்கும் வழக்கம். அது றிங்குக்குக் கெடுதி. சுமை இல்லாமல் றிங் சிலிண்டரோடு படியாது. சுவர் மினுங்கிப்போய் ஒயில் எரிக்கும். ஒயில் பிறஷர் ஏறியதும், ஐடிலில் ஜீப்புக்குக் குறைந்தது 10 பவுண்டு நின்றதும், வீதிக்கு எடுங்கள். 30, 35 மைல் வேகத்தில், அக்சிலேற்றரை ஏற்றி இறக்கி ஓடுங்கள், பாரம் ஏற்றவேண்டாம். ஆனையிறவுப் பக்கம் நேரான வீதி கிடைக்கிறது என்று ஒரே வேகத்தில் நெடுந்தூரம் இழுக்கவும் வேண்டாம். முதல் நாட்களில் சைலென்சரில் நீலப் புகை வந்தால் பயப்படத் தேவையில்லை. ஆயிரம் மைல் தாண்டியும் வந்தால் யோசிக்கலாம்.

முதல் நாள் ஓடி ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். இரும்பு ஹெட் என்றால் சூட்டிலும் ஒருமுறை இறுக்கலாம், அலுமினிய ஹெட் என்றால் குளிரில் மட்டும். நீர்வழிக்குள் இறங்கும் ஸ்ரட்டுகளின் மரையில் அடைப்புப் பசை பூசியிருக்காவிட்டால் அதன் வழியே தண்ணீர் கசியும். சில நூறு மைலில் ரப்பெற் இடைவெளியை மீண்டும் பாருங்கள். 500 மைலில் ஒயிலை மாற்றி, வடித்த ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் தூள் றிங் படிந்ததன் அடையாளம். காந்தத்தில் ஒட்டாத, வெள்ளி நிறத்தில் மினுங்கும் செதில்கள் தெரிந்தால் பெயறிங் உரிகிறது. அந்த வண்டியை அதற்குமேல் ஒரு மைலும் ஓட்டாமல், கட்டியவரிடமே கொண்டுபோய்ச் சம்பைக் கழற்றச் சொல்லுங்கள்.